லைன் எங்கேஜாக இருந்த ஞாயிறுகள்

1

என் மகள் மீனாவின் தமிழில் வினைச்சொற்கள் கொஞ்சம் முரட்டுத்தனமாக வந்து விழும். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள், சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை என் முன்னால் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, எனக்கு ஒரு செத்துப்போன சத்தம் வேணும். உங்கிட்ட இருக்கா?"

"சத்தம் சாகாதுடி. இல்லாமப் போகும்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்குத் தமிழிலும் சொல்லத் தெரியவில்லை, ஜெர்மனிலும் சொல்லத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

அவள் படிக்கும் கல்லூரியில் ஒரு செய்முறை வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாணவரும் தன் குடும்பத்தில் ஒருவரைப் பேசவைத்து, இப்போது எங்கேயும் கேட்காத ஒரு சத்தத்தைப் பற்றிப் பதிவு செய்து வர வேண்டும். நாங்கள் இருப்பது ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு சிறிய ஊர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். என்னிடம் யாரும் இப்படி மைக் வைத்துக் கேட்டதில்லை. உற்சாகமாகிவிட்டது. இருபது நிமிடம் பேசினேன்.

மூன்று வாரம் கழித்து அவள் கல்லூரியில், இருட்டாக்கிய ஒரு பெரிய அறையில் நாற்பது பேர் உட்கார்ந்து என் குரலைக் கேட்டார்கள். சுவரில் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஓடியது. நான் சிரித்த இடத்தில் அவர்களும் சிரித்தார்கள். முடிந்ததும் ஒரு வயதான அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு அழகான நினைவு!" என்றார். கண் கலங்கியிருந்தது. நன்றி சொன்னேன். திரும்பி வரும் ரயிலில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். பயணம் எனக்கு ஆகவில்லை என்று நினைத்து என் கணவர் ஜன்னல் பக்கம் இடம் மாறிக் கொடுத்தார்.

நான் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியை இங்கே எழுதுகிறேன். மீனாவால் இதைப் படிக்க முடியாது. பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. படிக்க வேண்டியவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். சம்பந்தப்பட்ட இரண்டு பேரின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

முதலில் அந்த நாற்பது பேர் கேட்ட பாதி.

தொண்ணூறுகளின் கடைசியில், கல்யாணமாகி நாலாம் மாதம் என் ஊரான முக்கூடலிலிருந்து இங்கே வந்தேன். வயது இருபத்தைந்து. ஐந்தாவது மாடியில் வீடு. கணவர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலைக்குப் போய்விடுவார். இந்த நாட்டின் குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். அமைதியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அதிலும் ஞாயிற்றுக்கிழமை இங்கே ஓசை எழுப்பவே கூடாது. துளை போடக் கூடாது, புல் வெட்டக் கூடாது, சுத்தியலைத் தொடக் கூடாது. அது எனக்குத் தெரியாது. வந்த இரண்டாவது ஞாயிறு தோசைக்கு மிக்சியில் அரைத்தேன். மறுநாள் கதவிடுக்கில் ஒரு சீட்டு இருந்தது. அழகான கையெழுத்து. பக்கத்து வீட்டார் வரவேற்று எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பிரிட்ஜில் ஒட்டி வைத்தேன். மாலையில் வந்த கணவர்தான் படித்துச் சொன்னார். இன்னொரு முறை நடந்தால் வீட்டு உரிமையாளரிடம் புகார் போகும் என்று இருந்தது.

அதன் பிறகு ஞாயிறுகளில் பாத்திரத்தைக்கூடத் துணி விரித்துத்தான் வைப்பேன்.

ஊரில் எங்கள் வீட்டில் போன் இல்லை. அப்பா என் சிறு வயதிலேயே போய்விட்டார். அம்மா பீடி சுற்றி என்னை வளர்த்தாள். எதிர்வீட்டில் பகவதிச் சித்தி. உறவில்லை, பழக்கத்தில் வந்த சித்தி. அவள் வீட்டுக்காரர் மின்சார ஆபீஸில் லைன்மேன். அவரைச் சித்தப்பா என்பேன். எங்கள் தெருவிலேயே அவர்கள் வீட்டில்தான் போன் இருந்தது. எழுதிப்போட்டுப் பல வருடம் காத்திருந்து, நான் இங்கே வந்த வருடம்தான் கிடைத்தது. சிவப்பு நிறம். வட்டமாகச் சுழற்றுகிற வகை. சுழற்றி விட்டால் கிர்ரென்று திரும்பி வரும்.

அந்த எண்ணுக்குத்தான் நான் கூப்பிடுவேன். சுரண்டினால் ரகசிய எண் தெரியும் போன் அட்டைகள் இங்கே கடைகளில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊரில் மாலை நாலு மணிக்கு அடிப்பேன். சித்தி எடுப்பாள். "இரு தாயி, அம்மாவக் கூட்டிட்டு வாரேன்" என்று ரிசீவரை மேசையில் வைப்பாள். மரத்தில் அது படும் "டொக்" கேட்கும். பிறகு செருப்பு. பிறகு தெருவைக் குறுக்கே கடந்து அவள் கூப்பிடும் குரல் சின்னதாகக் கேட்கும். பிறகு அம்மாவின் மூச்சிரைப்பு.

"ஏட்டி செல்வி, சாப்பிட்டியா?"

என்ன நேரமானாலும் அதுதான் முதல் கேள்வி.

பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். என் தினங்களில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அம்மா தன் தினங்களைச் சொல்ல மாட்டாள். அட்டையில் இன்னும் முப்பது நிமிடம் இருக்கும். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ அடிபம்பில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. இரும்புக் கைப்பிடி ஏறும்போது ஒரு கீச்சு, இறங்கும்போது ஒரு முனகல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எம்மா, அந்தப் போனக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் வையேன்" என்றேன்.

அம்மாவுக்குப் புரியவில்லை. சித்திக்குப் புரிந்தது. போனைப் பெட்டியோடு தூக்கி, ஒயரை இழுத்து, தெரு ஜன்னல் கட்டையில் வைத்து, ரிசீவரைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அது பழக்கமாகிவிட்டது. ஞாயிறு நாலு மணிக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும். எல்லாத் தொலைக்காட்சியிலும் ஒரே சினிமா, ஒரு வீட்டில் கொஞ்சம் முந்தி, ஒரு வீட்டில் கொஞ்சம் பிந்திப் பேசுவது போலக் கேட்கும். வாசலில் உட்கார்ந்து பெண்கள் பீடி இலை வெட்டும் கத்திரிச் சத்தம். சைக்கிளில் ஐஸ் விற்பவர் பெட்டி மூடியைத் தட்டும் சத்தம். முன்னால் கை வைத்துச் சுற்றிக் கிளப்பும் பழைய டிராக்டர் ஒன்று பாதி உயிர் வந்து அடங்கும் சத்தம். தெரு முனையில் மாவு மில்லின் பெல்ட் பட்பட்டென்று அடிக்கும். இங்கே ஐந்தாவது மாடியில், கண்ணை மூடி, தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன். அட்டை தீரும்போது ஒரு ஆங்கிலக்காரியின் குரல் வந்து துண்டிக்கும்.

இதுதான் அந்த அழகான நினைவு.

3

சித்திக்கு ஒரே மகன், இசக்கிமுத்து. என்னைவிட ஐந்து வயது சின்னவன். நான் ஊரில் இருந்தபோதே அவனுக்கும் சித்தப்பாவுக்கும் ஒத்துப்போகாது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு பம்பாயில் ஒரு மெஸ்ஸில் வேலைக்குப் போகிறேன் என்றான். சித்தப்பா தெருவில் வைத்து அவனை அடித்தார். "இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார். அவன் மிதிக்கவில்லை. போய்விட்டான். நான் இங்கே வந்த அதே வருடம்.

ஒரு ஞாயிறு, அம்மாவைக் கூப்பிடப் போகும் முன் சித்தி தயங்கினாள்.

"செல்வி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டியே?"

"சொல்லுங்க சித்தி."

"நீ இனிமே சனிக்கெழம கூப்பிடுதியா? இசக்கி இருக்க எடம் தெரிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வீட்டுக்குப் போன் போடுன்னு எழுதியிருக்கேன். அந்நேரந்தான் ஒங்க சித்தப்பா ஆத்தங்கரைக்குச் சீட்டாடப் போவாக. அவனுக்கும் அப்பந்தான் ஓய்வாம்."

"அதுக்கென்ன சித்தி, சனிக்கிழமையே கூப்பிடுறேன்" என்றேன்.

கூப்பிட்டேன். இரண்டு சனிக்கிழமை. ஆனால் சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் தெருவில் சத்தமே இல்லை. பிள்ளைகளுக்குச் சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் உண்டு, வந்திருக்க மாட்டார்கள். பெண்கள் சுற்றின பீடியை ஒப்படைக்கக் கடைக்குப் போயிருப்பார்கள். சித்தி அப்போதும் ரிசீவரை ஜன்னலில் பிடித்தாள். காற்றுதான் வந்தது. எங்கேயோ ஒரு காக்கை. அவ்வளவுதான். ஞாயிறு வந்தால் இங்கே இந்தக் கல்லறை அமைதி. இரண்டு வாரம் பொறுத்தேன்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை கூப்பிடவில்லை. ஞாயிறு கூப்பிட்டேன். ஒரே ஒரு வாரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, அதற்குள் எடுத்தாள்.

"இசக்கியா?"

"இல்ல சித்தி. செல்வி."

  பிறகு எப்போதும் போலச் சொன்னாள். "இரு தாயி, அம்மாவக் கூட்டிட்டு வாரேன்."

அடுத்த ஞாயிறும் கூப்பிட்டேன். அதற்கடுத்ததும். இப்போது எடுக்கும்போது அவள் இசக்கியா என்று கேட்கவில்லை. "அலோ" என்றாள். இனிமேல் கேட்க மாட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். அதுதான் இருந்தது.

ஆறு மாதம் கழித்து சித்தப்பா மாரடைப்பில் இறந்தார். அம்மா போனில் சொன்னாள். "பயலத் தேடி ஆள் அனுப்புனாங்க. அந்த மெஸ்ஸுல இல்லியாம். எங்கன போனான்னே தெரியல. அவுக தம்பிதான் கொள்ளி வச்சான்" என்றாள். நான் அழுதேன். சித்தியிடமும் இரண்டு வார்த்தை பேசினேன். அந்த ஞாயிறு ஜன்னல் பக்கம் வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு கேட்டேன்.

4

இரண்டு வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் அம்மா இறந்தாள். காலையில் எழுந்து பல் தேய்த்துவிட்டு உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள் என்றார்கள்.

என் பாஸ்போர்ட் அப்போது என்னிடம் இல்லை. புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். கவுண்ட்டரில் இருந்தவர் இரக்கமாகத்தான் பேசினார். அவசரம் என்றால் மரணச் சான்றிதழைக் காட்டுங்கள் என்றார். அம்மா போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. சான்றிதழுக்கு எங்கே போவேன்? படபடப்பில் எனக்கு ஜெர்மன் குழறியது. "என் அம்மா இறந்துவிட்டார்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "என் அம்மா இறந்துவிடுவார்" என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது" என்றார் அவர். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் திருத்திச் சொன்னார்.

அம்மாவை எடுத்துப்போவதைக் கைப்பேசியில் பார்த்தேன். யாரோ நடந்துகொண்டே படம் பிடித்ததில் வானமும் கால்களும்தான் அதிகம் தெரிந்தன. நான் போய்ச் சேர்ந்தது பதினைந்தாம் நாள்.

பதினாறாம் நாள் காரியத்தை முழுக்க எடுத்துச் செய்தது இசக்கிமுத்து. பம்பாயை விட்டு வந்து வெகுகாலமாகிறது. பாளையங்கோட்டையில் இரு சக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். தலை பாதி நரைத்துவிட்டது. ஞாயிறுதோறும் சித்தியைப் பார்க்க முக்கூடல் வருவான். வரும்போது என் அம்மாவையும் எட்டிப் பார்ப்பான். அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை கூட்டிப் போனது அவன்தான். அதையெல்லாம் அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள்.

பந்தல் பிரித்து, எல்லோரும் போன பிறகு சித்தி வீட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் அழுதுகொண்டே இருந்தேன்.

"கடைசியா ஒரு தரம் மொகத்தப் பாக்கக் குடுத்து வைக்கலையே இசக்கி."

"விடுங்கக்கா" என்றான். "நீங்க வரணும்னுதான நின்னீங்க, பாஸ்போர்ட்டு விடல. எங்கப்பா செத்தது எனக்கு ஒன்னர வருசம் கழிச்சுத்தான் தெரியும்."

பிறகு அவனாகவே சொன்னான். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான்.

"அம்மா காயிதம் போட்டிருந்தாங்க, ஞாயித்துக்கெழம நாலு மணிக்குக் கூப்பிடுன்னு. அது என் கைக்கு வரவே மூணு வாரம் ஆயிப்போச்சு. எனக்கு நாலரைக்கு மறுபடி அடுப்படியில நிக்கணும். மூணு ஞாயிறு போயி எஸ்.டி.டி. பூத்துல நின்னேன். மூணு தடவையும் எங்கேஜ். வரிசையில நிக்கவங்க திட்டத் திட்டத் திருப்பித் திருப்பிப் போட்டேன். கொய்ங் கொய்ங்னு அதே சத்தம். நம்ம ஊருல வாரா வாரம் அரை மணி நேரம் யாருக்கா போன்ல பேசுவா? எங்கப்பாவுக்கு விசயம் தெரிஞ்சு, ரிசீவர எடுத்துக் கீழ வச்சுட்டாருன்னு புரிஞ்சுபோச்சு. என் குரலே வீட்டுக்குள்ள வரப்பிடாதுன்னு நெனச்சிருக்காரு. சரின்னு அந்த எடத்தையும் விட்டுட்டு சூரத்துக்குப் போயிட்டேன். அதான் ஆள் அனுப்பியும் கெடைக்கல."

தொடர்ந்து சொன்னான். "இன்னிக்கு வரைக்கும் அவருக்கு நான் திதி குடுக்கல. அம்மாவுக்கு அதுல வருத்தம். ஆனா உயிரோட இருக்கையில என் சத்தத்தக் கேக்க மாட்டேன்னவருக்கு எள்ளும் தண்ணியும் எதுக்கு?"

சித்தி தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். லேசாக, மிக லேசாகத் தலையை ஆட்டினாள். பேசாதே என்று.

பேசவில்லை.

5

மறுநாள் காலை சித்தி கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். இசக்கி கடைக்குப் போய்விட்டான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சித்தி, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ?"

"அவன் திரும்பி வந்து சொன்னான் பாரு, அன்னைக்கே."

"ஏன் அவன்கிட்டச் சொல்லல?"

கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே வைத்தாள்.

"அப்பா செத்துட்டாருன்னு தெரிஞ்ச அன்னைக்கு அவன் நின்ன நெலையப் பாத்திருந்தா நீ கேக்க மாட்ட. சொல்லியிருந்தா நேரா ஒங்கம்மா வாசல்ல போயி நின்னு கத்தியிருப்பான். ஒத்தையில கெடக்கவ. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டுத்தான் நாங்க ரெண்டு பேரும் நாளக் கழிச்சோம். அவளும் எங்கூடப் பேசலன்னா நான் யாருகிட்டப் பேச?"

"சித்தப்பா மேல பழி விழுந்துச்சே."

"செத்தவுக மேல போட்டா அவுகளுக்கு வலிக்காதுன்னு நெனச்சேன்." செம்பை எடுத்துக் கவிழ்த்தாள். "வருசா வருசம் திதி வருதப்போ எனக்குத்தான் வலிக்கும்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்குப் போனைத் தூக்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனவள் அவள். மகன் கூப்பிடுவான் என்று காத்திருந்த நேரத்தில், அந்த மணியை அடிக்க விடாமல் வைத்திருந்த ரிசீவரை, கை வலிக்க வலிக்க எனக்காகத் தெருவுக்கு நீட்டிப் பிடித்திருக்கிறாள்.

"என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் சித்தி. வைன்னு சொல்லியிருக்கலாம்."

"நீ என்ன செய்வ? சனிக்கெழம கூப்பிடுதேன்னு சொன்ன. கூப்பிடவும் செஞ்ச. பொறவு மறந்துட்ட. புது நாடு, புது எடம், ஆயிரம் யோசனை இருந்திருக்கும். ஒங்கம்மா மொகம் வேற அந்நேரம் அப்படிச் சந்தோசமா இருக்கும். எப்படி வைக்கச் சொல்ல?"

மறந்துட்ட என்று அவளே சொல்லிவிட்டாள். நான் மறக்கவில்லை. எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். அதை அந்தக் கொல்லையில் சொல்லியிருக்க வேண்டும். "ஆமா சித்தி" என்றேன்.

நான்கு நாள் கழித்து விமானம் ஏறினேன். வழியனுப்ப இசக்கி தூத்துக்குடி விமான நிலையம் வரை வந்தான். என் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, "அம்மா இல்லன்னு வராம இருந்துராதீங்கக்கா, நாங்க இருக்கோம்" என்றான்.

6

இப்போது மீனாவின் பதிவுக்கு வருகிறேன். அவளுடைய ஆசிரியருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கல்லூரியின் இணையதளத்தில் போடலாம் என்றார். இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. இதற்கு நாலு பக்கம். மீனா பேனாவும் கையுமாக வந்து உட்கார்ந்தாள்.

"பேர், பிறந்த தேதி எல்லாம் நான் எழுதிட்டேன். இது மட்டும் சொல்லு. உன் கதையில வர்ற மத்தவங்க சம்மதம் வாங்கியாச்சா? பகவதிப் பாட்டிகிட்டக் கேட்டியா?"

"இல்ல."

"இப்ப கேளேன். போன்ல ரெண்டு நிமிஷம்."

"கேக்க முடியாது."

"ஏன்?"

சொன்னேன். பாதி தமிழ், பாதி ஜெர்மன். ஜெர்மனில் எங்கேஜுக்கு "பெஸெட்ஸ்ட்" என்பார்கள். போன் லைனுக்கும் அதே சொல், ரயிலில் ஆள் உட்கார்ந்த இருக்கைக்கும் அதே சொல், ஒரு படை வந்து பிடித்துக்கொண்ட நாட்டுக்கும் அதே சொல். அன்றைக்கு அந்தச் சொல்லை நான் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. சனிக்கிழமையை விட்டு ஞாயிறுக்குத் திரும்பியது மறதியால் அல்ல என்பதையும் சொன்னேன். வாய் திறந்து அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மீனா என்னைத் திட்டவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. அவள் அப்படி வளரவில்லை. படிவத்தை மூடி வைத்தாள்.

"அந்த அங்கிள் உயிரோட இருக்காரா?"

"இருக்கான்."

"அவர் நம்பர் இருக்கா உங்கிட்ட?"

"இருக்கு."

"அப்போ?"

அவ்வளவுதான் கேட்டாள்.  அவள் எழுந்து தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாள். நான் அதன் பிறகு பத்து நாள் எடுத்துக்கொண்டேன். கடை நேரம், சாப்பாட்டு நேரம், சித்தி பக்கத்தில் இருக்கும் நேரம் என்று தள்ளிப்போட ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கூப்பிட்டேன். கடையில் இருந்தான்.

"சொல்லுங்கக்கா, சாப்பிட்டீங்களா?"

அம்மாவைப் போலவே கேட்டான். பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னேன். நாலு மணிக்கு உன் வீட்டு லைனில் இருந்தது நான். சித்தப்பா ரிசீவரைத் தொடவே இல்லை, அவர் ஆற்றங்கரையில் இருந்தார். நீ கூப்பிடுவாய் என்று சித்தி என்னிடம் சொல்லியிருந்தாள். தெரிந்தேதான் கூப்பிட்டேன்.

கடையில் யாரோ பிரேக் கேபிள் கேட்டார்கள். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். 

"அப்போ எங்கப்பா எடுத்து வைக்கல" என்றான் கடைசியில்.

"இல்ல."

"வாரா வாரம் அவ்வளவு நேரம் என்னக்கா பேசுனீங்க?"

இதைக் கேட்பான் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன்.

"பேசல இசக்கி. ஜன்னல்ல வைக்கச் சொல்லித் தெருச் சத்தம் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"தெருச் சத்தமா?"

"ஆமா."



"நான் வைக்கேன்க்கா."

வைத்துவிட்டான். இந்தக் காலத்துப் போன்கள் வைக்கும்போது ஓசை செய்வதில்லை. அவன் போய்விட்டது எனக்குத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்தது. பிறகு இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மன்னித்துவிடு என்று எழுதி அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

படிவத்தை மீனா ஒப்படைக்கவில்லை. ஆசிரியரிடம் காரணம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

7

போன வியாழக்கிழமை சித்தி கூப்பிட்டாள். இப்போது அவளுக்கும் கைப்பேசி இருக்கிறது. இசக்கி வாங்கிக் கொடுத்தது. அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வேலை இடத்தில் இருந்தேன். உருளைக்கிழங்கு உரிக்கிற கத்தியை வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனேன்.

"செல்வி, நல்லாருக்கியா?"

"இருக்கேன் சித்தி."

"இசக்கி எல்லாம் சொன்னான்." அதே மூச்சில் கேட்டாள். "நீ மறக்கலையாமே?"

"மறக்கல சித்தி."

"நீ மறந்துட்டன்னுல்லா நான் இத்தன வருசம் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதையோ கீழே இறக்கி வைத்துவிட்டு, அதன் எடையைத் திரும்பிப் பார்ப்பவள் போல இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அழுதால் அவள் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள். அதற்கு நான் இடம் கொடுக்கக் கூடாது.

"இன்னைக்கு ஒங்க சித்தப்பா திதி" என்றாள்.

"ஆமா சித்தி."

"காலைல அவன் வந்தான். சொல்லாமத்தான் வந்தான். ஐயர் ஒருத்தரையும் வண்டியில வச்சுக் கூட்டிட்டு வந்தான். ஆத்துக்குப் போவோம் வாம்மான்னான். போனோம். தண்ணி இடுப்பளவு போகுது. எள்ளும் தண்ணியும் விட்டான். முங்கி எந்திரிச்சான். பொறவு கரையேற மாட்டேங்கான். பைய வாலேன்னு கூப்பிட்டேன். அங்கனயே நிக்கான். அவுகளோட பேசுதானோ என்னமோ, நான் திரும்பிக்கிட்டேன்."

"பொறவு?"

"ஈரத்தோட வீட்டுக்கு வந்து, அப்பா சட்ட எதுவும் இருக்கான்னு கேட்டான். பொட்டியில ஒண்ணு வச்சிருந்தேன். காக்கிச் சட்ட, வேலைக்குப் போடுதது. எடுத்துக் குடுத்தேன். போட்டுக்கிட்டான். அவுக குட்டை, இவனுக்குக் கை ஏறி நிக்கி. பட்டனும் சேரல. அப்படியே உக்காந்து சாப்பிட்டான். அதப் போட்டுக்கிட்டே கடைக்கும் போயிட்டான்."

உள்ளே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அசையவில்லை.

"சித்தி, அவன் எங்கூடப் பேசுவானா?"

"அது எனக்குத் தெரியாது தாயி" என்றாள் சித்தி. "நான் கேக்கவும் மாட்டேன்."

"சரி சித்தி" என்றேன்.

"வச்சிருதேன். ஒலையில அரிசி கெடக்கு."